நன்னீர் நின்ற இடமே ஊர்
புங்குடுதீவின் கிணறுகள், கேணிகள், குளங்கள் பற்றிய சில குறிப்புகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, ஆழமற்ற பரவைக்கடலின் நடுவே அமைந்த தீவுகளைச் சேர்த்துத் தீவகம் என அழைப்பர். வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பனவும், பாலத்தால் குடாநாட்டுடன் இணைந்த காரைநகரும் இவற்றுள் அடங்கும். எமது ஆலய ஆண்டு மலருக்கு ஊர் வரலாறு பற்றிக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். ஆலயங்களின் வரலாற்றையும், ஊரை வளர்த்த பெரியோர்களையும் பற்றி முன்னைய மலர்களில் பலர் எழுதியுள்ளனர். ஆதலால் எல்லோரும் நாள்தோறும் கையாண்டும் எவரும் எழுதிவைக்காத ஒரு பொருளை நான் எடுத்துக்கொண்டேன். அது எம்மூரின் தண்ணீர்.

ஆறில்லாத ஊரில் மக்கள் எவ்வாறு பல தலைமுறைகளாக வாழ்ந்தனர், அந்த வாழ்வைத் தாங்கிய நீர்நிலைகள் இன்று எந்நிலையில் உள்ளன, அடியார்களாகிய நாம் அவற்றுக்குச் செய்ய வேண்டியது யாது என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

பெயர்களில் உள்ள வரலாறு

தீவகத்தின் பழைமைக்கு எழுத்துச் சான்று நயினாதீவில் உள்ளது. அங்கு நாகபூஷணி அம்மன் ஆலயச் சூழலில் காணப்படும் தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்பட வேண்டும் என அது கூறுகின்றது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும், ஏனைய பண்டங்களை ஏற்றிய மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதியும் எனச் சட்டம் வகுக்கின்றது. எமது கடலில் அக்காலத்தில் எத்துணைப் போக்குவரத்து நடந்தது என்பதற்கு இஃதொன்றே போதும்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை எமது தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற், எமது புங்குடுதீவு மிடில்பேர்க் என்றாயின. அவற்றுள் டெல்வ்ற் என்பது மாத்திரம் இன்றும் அரச பத்திரங்களில் உலாவுகின்றது. மிடில்பேர்க் என்ற பெயரை எம்மூரில் எவரும் வாயால் உச்சரித்ததாக நான் அறியேன்.

வெளியார் வைத்த பெயர்கள் மறைந்தன. மண்ணைப் பார்த்து எம் முன்னோர் வைத்த பெயர்கள் நிலைத்தன. ஊரதீவு, வரதீவு, கேரதீவு, நடுவுத்துருத்தி, இறுப்பிட்டி, மாவுத்திடல், மடத்துவெளி, பெருங்காடு என்னும் எமது குறிச்சிப் பெயர்களைக் கவனியுங்கள். துருத்தி என்றால் நீரால் சூழப்பட்ட மேட்டுநிலம். பிட்டி என்றாலும் திடல் என்றாலும் மேடுதான். ஒரே தீவுக்குள்ளேயே பல தீவுகளும் துருத்திகளும் பிட்டிகளும் இருப்பதாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாரி வெள்ளம் பள்ளங்களை நிரப்பும்போது மேடுகள் தனித்தனியே தெரியும் காட்சியைக் கண்டவர்களுக்கு இதன் பொருத்தம் விளங்கும். அந்த மேடுகளை ஒட்டியே குடியிருப்புகள் எழுந்தன. நன்னீர் கிடைத்ததும் அங்கேதான்.

மற்றைய தீவுகளிலும் இதுவே நியதி. நெடுந்தீவில் நல்ல தண்ணீருக்குப் பேர்போன இடம் சாராப்பிட்டி. வேலணையில் சாட்டி மணற்பரப்பின் கிணறுகள் அயலூர்களின் தாகத்தையும் தீர்த்து வந்துள்ளன.

மழையொன்றே எமது ஆறு

எமது நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன்மேல் சில இடங்களில் மணலும் சில இடங்களில் மெல்லிய மண்படையும் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழைதான் ஆண்டு முழுவதற்குமான எமது வருமானம். அந்த மழைநீர் மண்ணினூடாகவும் கல்வெடிப்புகளினூடாகவும் கீழிறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. சோளகக் காற்று வீசும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் நாம் அள்ளிக் குடிப்பது, கார்த்திகையில் பெய்த மழையைத்தான்.

இதில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. நன்னீர் கடல்நீரிலும் பாரம் குறைந்தது. ஆகையால் தீவின் அடியில் நாற்புறமும் ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல் மழைநீர் மிதந்து நிற்கின்றது. அது நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், மூக்குக்கண்ணாடியின் வில்லையைப் போன்று இருக்கும். நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் இதற்கொரு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கலாம். மண்ணுக்கும் கல்லுக்கும் ஏற்ப இது கூடிக் குறையுமாயினும் அடிப்படை இதுவே.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்துத் தெரியும். மேலே 1 அடி நீரை நாம் இறைத்துத் தீர்த்து, அது மீண்டும் ஊறாது போனால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி அளவுக்கு மேலேறி வரும். ஏறிய உப்பு இலகுவில் இறங்காது. நல்ல மாரிகள் பல வேண்டும்.

எமது பாட்டன்மாருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அதன் பலன் தெரிந்திருந்தது. தண்ணீர் குறைந்துவிட்டதென்று கிணற்றை மேலும் ஆழமாக்க முனைவோரை அவர்கள் தடுப்பார்கள். “ஆழம் போனால் உப்புத்தான் வரும், அகலமாய் வெட்டு” என்பதே அவர்களின் புத்தி. எம்மூரின் பழைய நீர்நிலைகள் எல்லாம் ஆழம் குறைந்து அகலம் கூடியிருப்பதன் காரணம் இதுதான். பூவல், துரவு, கிணறு, கேணி, குளம் என அவர்கள் செய்தவை யாவும் மேலே மிதக்கும் நன்னீரை மெதுவாக அள்ளுவதற்கான ஏற்பாடுகளே. மணலிற் கையால் தோண்டிய குழி பூவல். கட்டில்லாத அகன்ற கிணறு துரவு. படிக்கட்டுடன் கல்லாற் கட்டிய சதுரக் குளம் கேணி.

வயல்களும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே. மழையை மட்டும் நம்பிச் செய்யும் நெல்வயலுக்கு உயர்ந்த வரம்பு கட்டினார்கள். அந்த வரம்புகள் பயிருக்கு நீர் தேக்கியதோடு, நீரை ஓடவிடாது நிலத்துக்குள் இறங்கவும் செய்தன. ஒருவர் வயல் விதைத்தால் அடுத்த வளவுக் கிணறு இனிக்கும்.

கிணற்றடி நினைவுகள்

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் சிறுவராக இருந்தவர்களுக்கு நன்னீர்க் கிணற்றடி ஒரு பள்ளிக்கூடம். வீட்டு வளவுக் கிணறுகளில் பெரும்பாலானவை சவர். குளிக்க, தோய்க்க, மாட்டுக்கு வைக்க உதவும். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீருக்கு நடக்கத்தான் வேண்டும். பங்குனி பிறந்தால் கிணறுகள் வற்றத் தொடங்கும். அப்பொழுது விடியுமுன்னரே குடங்கள் வரிசையில் வந்துவிடும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மாட்டில் பால் கறந்துவிட்டு வருவோரும் உண்டு. ஆளில்லாவிட்டாலும் குடத்தின் இடத்தை எவரும் தட்டிப்பறிப்பதில்லை. கைக்குழந்தைக்காரிக்கும், கோயில் மடைப்பள்ளிக்குத் தண்ணீர் எடுப்பவருக்கும் மாத்திரம் முன்னுரிமை.

செருப்புடன் கட்டில் ஏறக்கூடாது. வீட்டு வாளியைக் கிணற்றில் விடக்கூடாது, அங்குள்ள பட்டையால்தான் அள்ள வேண்டும். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கக் கூடாது. இவற்றை எவரும் பலகையில் எழுதித் தொங்கவிடவில்லை. எனது ஆச்சி என்னைக் கூட்டிச்சென்ற முதல் நாட்களில் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. “மெள்ள விடு மோனை, அடியைக் கலக்கிப்போடாதை. மேற்தண்ணிதான் நல்ல தண்ணி.” நிலத்தடி நீரைப் பற்றி நூல்களில் நான் பின்னாளில் படித்ததும் அந்த ஒரு வசனத்தின் விரிவுரையே.

தோட்டக் கிணறுகளில் துலா இருந்தது. ஆடுகாலில் பூட்டிய துலாவின் மீது ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். நாற்பது ஐம்பது பட்டைக்கு ஒருமுறை மூச்சுவிட நிற்பார்கள். மனிதர் களைக்கும்போது கிணறும் இளைப்பாறி ஊறியது. மோட்டருக்குக் களைப்பில்லை என்பதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோடை முடிவில் கிணறு இறைத்துத் துப்புரவு செய்வது ஊர்க்காரியம். சேற்றை அள்ளி வெளியேற்றிய பின் அடியில் நெல்லிக்குற்றி போடுவார்கள். நீர் தெளியும், சுவை கூடும் என்பது நம்பிக்கை. குளத்தின் வண்டல் வீணாவதில்லை. வண்டிலில் ஏற்றி வயலுக்குப் போடுவார்கள். குளமும் ஆழமாகும், வயலும் வளமாகும்.

நான் அரச சேவையில் இலிகிதராக இருந்த காலத்தில் பழைய காணி உறுதிகள் பல கைக்கு வந்ததுண்டு. காணியின் பரப்பும் எல்லையும் எழுதியபின், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியமும் என்று தவறாமல் எழுதப்பட்டிருக்கும். கிணற்றை ஒருவனுக்கு முழுச் சொத்தாக நினைக்காமல் பங்காக நினைத்த சமுதாயம் அது.

கேணியும் மடமும் கோயிலும்

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், மாடு குடிக்கும் தண்ணீர்த்தொட்டி ஆகியன ஒன்றையொன்று அடுத்துக் காணப்படும். வழிப்போக்கனுக்கும் வாயில்லாச் சீவனுக்கும் தண்ணீர் வைப்பது சிவபுண்ணியம் என நம்பியவர்கள் அவற்றைச் செய்வித்தார்கள். எம்மூரிலும் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்துப் பொருளீட்டியோர், ஊர் திரும்பியதும் முதலில் செய்த திருப்பணிகளுள் கேணி கட்டுதலும் கிணறு வெட்டுதலும் அடங்கும்.

கோயிலுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு அடியார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்தால் பூசையும் திருவிழாவும் நடவா என்பதைத் திருவள்ளுவர் வான்சிறப்பு அதிகாரத்தில் கூறியுள்ளார். அபிஷேகம், நைவேத்தியம், தீர்த்தம் எல்லாவற்றுக்கும் அடிப்படை நன்னீர். அக்காலத்தில் கோயில் மண்டபக் கூரையில் விழும் மழைநீரும், மணல் வீதியில் விழும் மழைநீரும் கேணிக்கே ஓடிவந்தன. கேணி நிரம்பினால் சுற்றியுள்ள கிணறுகளின் உவர் குறையும். கோயில் நடுவிலிருந்து ஊருக்கு நீர் ஊட்டியது என்றே சொல்லலாம்.

தண்ணீரும் உரிமையும்

இனிய நினைவுகளை மட்டும் எழுதி முடித்தால் வரலாறு முழுமையாகாது. நன்னீர்க் கிணற்றடியில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள் என்று கூறினால் அது பொய். துலாக்கயிற்றைத் தொட அனுமதியில்லாத மக்கள் எம்மூரில் இருந்தனர். அவர்கள் குடத்தைத் தூரத்தில் வைத்துவிட்டு, யாராவது அள்ளி ஊற்றும் வரை வெயிலில் காத்திருந்தனர். கோயிற் கிணறுகளும் இதற்கு விலக்கல்ல.

இந்த அநீதிக்கு எதிராக எம்மூரிலேயே குரல் எழுந்தது. ஆசிரியரும் எழுத்தாளருமான மு. தளையசிங்கம் அவர்கள், நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ளும் உரிமை வேண்டி 1970களின் தொடக்கத்தில் சத்தியாக்கிரகம் செய்தார். அதற்காகத் தாக்கப்பட்டுச் சிறையும் சென்றார். 1935இல் பிறந்த அவர் 1973இல் காலமானார். போர்ப்பறை, மெய்யுள் ஆகிய நூல்களின் ஆசிரியராக இலக்கிய உலகம் அவரைப் போற்றுகின்றது. தண்ணீருக்காக வீதியில் இருந்தவராகவும் எம்மூர் அவரை நினைக்க வேண்டும்.

எல்லோருக்கும் உரியதென்று நாம் சொல்லும் நீர், எல்லோருடைய கைக்கும் எட்டினால்தான் அது தீர்த்தம். ஆலயத் தர்மகர்த்தா சபையில் இருப்பவன் என்ற முறையில் இதனை இம்மலரிலே பதிவுசெய்வது கடமை எனக் கருதுகின்றேன்.

ஊர் கலைந்த காலம்

தீவகத்தாரின் வாழ்வு கடையையும் கடலையும் நம்பியது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் தென்னிலங்கையில் இருந்த எம்மவரின் கடைகளை அழித்தன. 1985 மே 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகில் 30க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1991இல் இராணுவ நடவடிக்கையினால் புங்குடுதீவு மக்களில் மிகப் பெரும்பாலானோர் ஊரைவிட்டு வெளியேறினர். வாணர் சகோதரர்களின் அயராத முயற்சியை நினைவூட்டும் வாணர் தாம்போதி வழியாகவும், கிடைத்த வள்ளங்களிலும் அவர்கள் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். 1995 ஒக்டோபர் 30இல் அங்கிருந்தும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். பலர் கடல் கடந்தனர்.

ஆளில்லாத ஊரில் கிணறுகளும் கைவிடப்பட்டன. கட்டுகளின் வெடிப்புகளில் ஆலும் அரசும் வேரோடின. கேணிகளில் மண் நிரம்பியது. விதைக்காத வயல்களின் வரம்புகள் கரைந்தன. வரம்பு கரைந்ததும் மாரி வெள்ளம் நிலத்துள் இறங்காமல் நேரே கடலுக்கு ஓடியது. இதனால் எவரும் இறைக்காத காலத்திலேயே சில நல்ல கிணறுகள் சவராயின. மக்கள் இருந்து பராமரித்ததால்தான் நீர் நன்னீராக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்றைய நிலையும் எமது கடமையும்

2009இல் போர் முடிந்தபின் பலர் வந்து போகின்றனர், சிலர் வந்து தங்கியுள்ளனர். பூட்டிய வீடுகளே இன்னும் அதிகம். ஆயினும் ஆனி, ஆடி மாதத் திருவிழாக்களுக்கு ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சுவிஸ் எனப் பல இடங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர். ஊர் நிறைந்திருப்பதைக் காண மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் வரும் காலம் கிணறுகள் அடிமட்டத்தில் இருக்கும் காலம். ஒவ்வொரு புது வீட்டிலும் மோட்டரும் மேல்நிலைத் தாங்கியும் உண்டு. துலாவால் ஒரு நாளில் இறைத்ததை மோட்டர் ஒரு மணித்தியாலத்தில் இறைத்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று சிலர் குழாய்க்கிணறு அடிக்கின்றனர். முற்கூறிய வில்லையின் அடிப்பகுதிக்கே குழாயை இறக்கி உப்பை மேலே அழைக்கும் காரியம் அது.

பங்குக் கிணறுகளின் நிலை வேறொரு சிக்கல். கிணறொன்றுக்கு எட்டுப் பங்காளர் இருந்து, அவர்களுள் ஏழு பேர் ஐந்து நாடுகளில் வாழ்ந்தால், இடிந்த கட்டைத் திருத்த யாரிடம் சம்மதம் பெறுவது? அயலவர் கை வைக்கத் தயங்குகின்றனர். கிணறு தூர்கின்றது.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய்நீர் நல்லதே. ஆனால் குழாயில் நீர் வருகின்றதென்று கிணற்றை மறந்தால், குழாய் நிற்கும் நாளில் எம்மிடம் எதுவும் இராது. பவுசருக்காக வாளியுடன் காத்திருந்த அனுபவம் எம்மில் பலருக்கும் உண்டு.

எனவே அடியார்களின் சிந்தனைக்குச் சிலவற்றை முன்வைக்கின்றேன்.

முதலாவது, ஆலயக் கேணியை இவ்வாண்டு மாரிக்கு முன்னர் மண் அகற்றித் திருத்துதல். சுற்றுமதிலை உயர்த்துவதா, கேணியைத் திருத்துவதா என்பதில் எமது சபையில் இரு கருத்து உண்டு. மதில் அடுத்த ஆண்டும் கட்டலாம். ஒரு மாரி தவறினால் அந்த நீர் போனது போனதுதான்.

இரண்டாவது, மண்டபக் கூரைநீர் முழுவதையும் பீலி வைத்துக் கேணியிற் சேர்த்தல். உள்வீதி, வெளிவீதி முழுவதற்கும் சீமெந்து இட விரும்பும் அன்பர்கள், மணல் வீதி மழையைக் குடிக்கும் என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும். அடியார் பிரதட்டை செய்வதற்கும் மணலே இதமானது.

மூன்றாவது, ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள கிணறு, துரவு, குளம் ஆகியவற்றின் பெயர், இடம், பங்காளர் விபரம், கோடையில் நீரின் சுவை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுதல். இதற்கு வேண்டிய இலிகிதர் வேலையை நானே செய்து தருவேன். வெளிநாடுகளில் உள்ள பங்காளர்கள் திருத்தத்துக்குச் சம்மதக் கடிதம் ஒன்று அனுப்பினாலே பல கிணறுகள் உயிர்பெறும்.

நான்காவது, குடிதண்ணீர்க் கிணறுகளில் மோட்டர் பூட்டாதிருத்தல். மற்றக் கிணறுகளிலும் காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் என இறைத்து இடையில் ஊறவிடுதல்.

ஐந்தாவது, விதைக்காவிட்டாலும் வயல் வரம்புகளைக் கட்டிவைத்தல். சிறிய செலவில் பெரிய பயன் தருவது இதுவே.

இவற்றுள் முதலாவதையும் இரண்டாவதையும் எமது ஆலயப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கலாம். ஏனையவற்றுக்கு ஊர் மக்களும் வேலணைப் பிரதேச சபையும் கைகொடுக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் திருவிழாவுக்கு வரும்போது, போத்தல் தண்ணீரைக் கையில் கொடுக்காமல், கோயிற் கிணற்றில் அள்ளி இரண்டு கையிலும் ஊற்றிக் குடிக்கக் கொடுக்க வேண்டும். எம்மூர் எது என்று அவர்கள் அந்தச் சுவையால் அறிவார்கள்.

மாதம் மும்மாரி பொழியவும், கேணியும் கிணறும் நிறையவும், கலைந்த ஊர் கூடவும் எல்லாம் வல்ல அம்பாளின் திருவடிகளை வணங்கி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றேன்.